சீசரின் காலடியில்

செருப்பைப் பற்றியும் ஒரு திறனாய்வா என்று சிரிக்கத் தோன்றும். சிரியுங்கள், தோழர்களே! முடியைப் பற்றிப் பேசினால் கைகட்டிக் கேட்பதும், அடியைப் பற்றிப் பேசினால் கைகொட்டிச் சிரிப்பதும் நெடுங்காலப் பழக்கம். மன்னனின் மணிமுடியில் எத்தனை மணிகள் என்று எண்ணிச் சொல்ல ஆயிரம் பேர் இருந்தனர். அவன் படை நடந்த வழியில் எத்தனை கால்கள் புண்பட்டன என்று எண்ணிச் சொல்ல எவர் இருந்தார்? ஆயினும், வரலாறு தலையால் நடந்ததன்று, காலால் நடந்தது. அந்தக் காலுக்கு எதை அணிவித்து இன்றைய மேடையில் நிறுத்துவது என்பதே நாம் இங்கு ஆராயப் புகுந்த பொருள்.

சென்ற ஆண்டு ஒரு பள்ளியின் ஆண்டுவிழாவில் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தின் சில காட்சிகளைத் தமிழில் நடித்துக் காட்டினர். மாணவரைப் பயிற்றுவித்த ஆசிரியர் நாமே. ஆகவே, இத்திறனாய்வில் குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏற வேண்டியவரும் நாமே. வெள்ளை வேட்டிகள் உரோமானிய மேலாடைகளாயின, அட்டைகள் வாள்களாயின, அனைத்தும் அழகாகவே இருந்தன, கண்ணைக் கீழே இறக்காதவரை! சீசரின் காலில், விளையாட்டுக்கென வாங்கிய கான்வாஸ் காலணி. அதன்மேல் சுற்றிய ஜிகினாத் தாள். புரூட்டஸின் காலில் ரப்பர்ச் செருப்பு. அதிலிருந்து முழங்கால்வரை ஏறிய நாடா. படைவீரர் நால்வரும் பள்ளிக்கு அன்றாடம் அணிந்துவரும் கறுப்புக் காலணியிலேயே போருக்குப் புறப்பட்டனர்.

சீசராக நடித்த மாணவனுக்குக் கிடைத்தது இரவல் காலணி, அளவில் சிறியது. இரண்டாம் காட்சிக்குள் குதிகாலில் கொப்புளம் எழுந்தது. மூன்றாம் காட்சியில் அது உடைந்தது. சதிகாரர் சூழ்ந்து குத்தியபோது அவன் எழுப்பிய அலறலை அவையோர் வியந்து பாராட்டினர். கத்திகளுக்கு அதில் பங்கில்லை, காலணியே காரணம் என்பது நமக்கு மட்டுமே தெரியும்!

அதுவும் பெரிதன்று. நாடகத்தின் முதற் காட்சியை நினைவு கூருங்கள். திரை விலகியதும் தோன்றுபவர் சீசரல்லர். தெருவில் திரண்ட எளிய மக்கள். அவர்களுள் ஒருவன் தச்சன். மற்றொருவன் செருப்புத் தைப்பவன். மக்கள் காவலர் எனப்படும் அதிகாரிகள் அவனை அதட்டுகின்றனர். அவன் சொற்சிலம்பம் ஆடி அவர்களைத் திணற வைக்கின்றான். அந்த மாணவனை நாம் வெறுங்காலுடன் நிறுத்தியிருந்தோம். ஏன் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளவும் இல்லை. கேட்டவன் ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன். மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று, “செருப்புத் தைக்கிறவருக்கு ஏன் ஐயா செருப்பு இல்லை?” என்றான்.

விடை கூற இயலாது விழித்தோம். சீசருக்கு ஜிகினா, செருப்புத் தைப்பவனுக்கு வெறுங்கால். இதை நாம் எந்த வரலாற்று நூலிலும் படிக்கவில்லை. நம் ஊர்த் தெருவில் படித்திருந்தோம். தெருவில் படித்த பாடத்தை உரோமாபுரியின் மேல் ஏற்றிவிட்டோம்! அறிந்து செய்ததன்று என்பது குற்றத்தைக் குறைக்காது. அறியாமல் செய்வதில்தான் பழைய பழக்கம் தன் முழு முகத்தையும் காட்டுகின்றது.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிட்டார். “ஷேக்ஸ்பியரே அந்நாடகத்தில் மணியடிக்கும் கடிகாரத்தைக் கொணர்ந்துவிட்டாரே! உரோமில் ஏது அத்தகைய கடிகாரம்? பெருங்கவிஞருக்கு இல்லாத கவலை, செருப்பில் உமக்கு எதற்கு?” என்றார். நல்ல கேள்வி. கவிஞர் தம் காலத்து அவைக்கு நாடகம் தந்தார். வரலாற்றுப் பாடம் நடத்தவில்லை. நாமோ திரைக்கு முன் வந்து நின்று, ‘உரோமானியர் வாழ்வைக் கண்முன் காட்டுகிறோம்’ என்று அறிவித்தோம். அறிவித்த பின் காட்டுவது பொய்யாயின், அதற்குக் கவிஞரைத் துணைக்கழைப்பது முறையன்று.

அப்படியாயின் சீசரின் காலில் எது இருந்திருக்க வேண்டும்? வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ (சதியில் கலந்த காசியஸ் அல்லர்; இரு நூற்றாண்டுகளுக்கும் மேல் பிற்பட்டவர்) ஒரு செய்தி கூறுகின்றார். சீசர் தம் இறுதிக் காலத்தில் உயரமான செந்நிறக் காலணிகளைச் சில வேளைகளில் அணிந்தாராம். பண்டைய ஆல்பா நகர மன்னர் அணிந்த முறை அது. அம்மன்னர் வழியில் வந்தவன் யான் என்பது அவருடைய உரிமைப்பேச்சு. அம்மரபோ தெய்வத்தில் போய் முடிவது! மன்னராட்சியை ஒழித்துவிட்டோம் என்று பெருமை பேசிய நகரில், ஒருவர் மன்னரின் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கிறார். முடி சூட்டிக்கொள்ள அஞ்சியவர், காலில் சூட்டிக்கொண்டார் என்னலாம். சதிகாரர் கண்ணை உறுத்தியவற்றுள் அச்செந்நிறமும் ஒன்றாக இருந்திருக்கலாகாதா? ஜிகினாத் தாளை ஒட்டியபோது நாம் மறைத்தது தோலை மட்டுமன்று. ஓர் அரசியல் வழக்கையே மறைத்துவிட்டோம். காலத்துக்கு ஒத்த காலணி என்பது அணிவகைப் பித்து அன்று; அது சான்று.

உண்மை ஒருபுறம் இருக்கட்டும். கால் நோகாதிருக்க வேண்டாமா? இதில் இரு கட்சிகள் உண்டு. ‘வெளியே பழமை தெரிந்தால் போதும், உள்ளே எதை வைத்தால் என்ன?’ என்பது ஒரு கட்சி. ‘முன்னோர் நொந்தனர், நாமும் நோவதே நேர்மை’ என்பது மற்றொன்று. முதற்கட்சி சோம்பலுக்குத் துணை; இரண்டாம் கட்சி, காவடி தூக்கிக் கால் நோவதைப் புண்ணியம் என்பாருக்கு உடன்பிறப்பு. துன்பம் உண்மைக்குச் சான்றாகாது. அன்றாடம் பல கல் தொலைவு நடந்தவன், நடக்கவொட்டாத செருப்பையா ஆயுள் முழுதும் அணிந்திருப்பான்?

இதைப் பேச்சில் தீர்க்காமல் நடையில் தீர்த்தவர்கள் உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழங்கால உடை, படைக்கலம், உணவு ஆகியவற்றை ஆராய்ந்து செய்து, அக்கால நிகழ்ச்சிகளை மீண்டும் நடித்துக் காட்டும் மன்றங்கள் பல. உரோமப் படையைக் காட்டும் ‘எர்மின் ஸ்ட்ரீட் கார்டு’ என்னும் மன்றம் இங்கிலாந்தில் 1972இல் தொடங்கப்பட்டது. ஜெர்மானிய வரலாற்றாசிரியர் மார்க்கஸ் யுங்கெல்மான், 1985இல் தோழர் சிலருடன் உரோம வீரரின் முழுக்கோலத்தில், இத்தாலியின் வெரோனாவிலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் வரை நடந்தார். ஏறத்தாழ 500 கிலோமீட்டர்! கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் காலணி ‘நான் அழகன்’ என்று மட்டுமே சொல்லும். ‘நான் பயன்படுவேனா?’ என்ற கேள்விக்கு விடை வழியில்தான் இருக்கின்றது.

அவர்கள் அணிவது ‘கலிகா’ எனப்படும் படைவீரர் செருப்பு. பல அடுக்குத் தோல் சேர்த்த தடித்த அடி. மேல்தோலோ வாரும் வெளியுமாக வலைபோல் வெட்டப்பட்டது. அடியில் இரும்பு ஆணிகள், எண்பது தொண்ணூறு வரைகூட. பார்வைக்கு முரடு, ஆயின் அதன் அறிவைக் காணுங்கள். காற்று உட்புகும்; ஆற்றைக் கடந்தால் நீர் வடியும்; விரலுக்கு இடமுண்டு; தனித்தனி வாராகையால் எங்கே தளர்த்த வேண்டுமோ அங்கே தளர்த்தலாம். இடக்காலுக்கு ஒன்று, வலக்காலுக்கு ஒன்று எனப் பிரித்தே செய்தனர். அச்சிறப்பும் எல்லாக் காலத்துக்கும் உரியதன்று: உயர்குதி வந்த பின், ஏறத்தாழ 1600 முதல் 1800 வரை, இருகாலுக்கும் ஒரே கட்டையில் செய்த காலணியே ஐரோப்பாவில் பெருவழக்கு. ஆதலின் ‘பழைய காலணி’ என்று ஒன்றில்லை; எந்த நூற்றாண்டு, எந்த ஊர், எவருடைய கால் என்று கேட்ட பின்னரே தேர்வு தொடங்க வேண்டும்.

‘செருப்புக்குள் காலுறை போடுவது ஏமாற்று’ என்பார் உண்டு. அவர்களுக்கு விடை, இங்கிலாந்தின் வடகோடியிலுள்ள விண்டொலாண்டா என்னும் உரோமக் கோட்டையின் மண்ணுக்குள் இருந்தது. மெல்லிய மரத்தகட்டில் மையால் எழுதிய மடல் ஒன்றில், காலுறையும், இரண்டு இணைச் செருப்பும், உள்ளாடையும் அனுப்பியிருப்பதாக ஒருவர் எழுதியிருக்கின்றார். குளிர் மிகுந்த எல்லையில் நின்ற வீரனுக்கு, பத்தொன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே கம்பளிக் காலுறையின் அருமை தெரியும்! வசதி நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று எண்ணுவது நமது செருக்கு.

இவ்வளவையும் படித்த பின், மறு ஆண்டு அதே நாடகத்தை மீண்டும் நடத்தத் துணிந்தோம். படங்களை எடுத்துக்கொண்டு, பேருந்து நிலையத்தருகே புளியமரத்தடியில் கடை விரித்திருக்கும் பெரியவரிடம் சென்றோம். கலிகாவின் படத்தை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “படத்தைக் காட்டுறீங்க, சரி. கால் எங்கே தம்பி?”

அந்த ஒரு கேள்வியில் நம் படிப்பு முழுதும் தலைகுனிந்தது. பையன்களை அழைத்துச் சென்றோம். உட்கார வைத்து அளக்க மறுத்தார். நின்றால் கால் விரியும் என்றார். காலையில் வேண்டா, மாலையில் வாருங்கள் என்றார்; பொழுதெல்லாம் நடந்த கால் சற்றே பருத்திருக்கும். இரு கால்களையும் தனித்தனியே தாளில் வரைந்தார். ஒன்று மற்றொன்றை ஒத்திராது. காலுறையோடு அணிவதானால் காலுறையோடே அளக்க வேண்டும் என்றார். எட்டுப் பேரை அளந்து முடித்தபின், “இதிலே மூணு பையன் இதுவரைக்கும் தோல் செருப்பே போட்டதில்லை. நாடகத்தன்னிக்கு முதல்முதலாப் போட்டா கடிக்கும். பதினைஞ்சு நாள் முன்னாடியே கொடுத்துடறேன், தினம் கொஞ்சநேரம் போட்டு நடக்கட்டும்” என்றார். ஆறு திங்கள் அம்மாணவருக்கு உரோம வரலாறு கற்பித்த நமக்கு, அவர்தம் கால் தெரியவில்லை. ஒரு மாலை அளந்த அவருக்குத் தெரிந்துவிட்டது.

தோலிலும் அவரே வழிகாட்டினார். இன்று கடைகளில் மிகுதியாக விற்பது குரோமியத்தால் பதனிட்ட தோல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய முறை அது. உரோமர் காலத்தில் மரப்பட்டை போன்றவற்றால் பதனிட்டனர். நம் நாட்டிலும் ஆவாரம்பட்டையில் பதனிடுவது தொன்றுதொட்ட தொழில். அத்தகைய தோலே வேண்டுமென்று தேடிப் பிடித்தார் பெரியவர். விறைப்பாக இருந்தது, அணிய அணியக் காலின் வடிவத்தைத் தானே ஏற்றுக்கொண்டது. கொப்புளம் எழவில்லை.

ஆணியில் மட்டும் இடறினோம். மேடைத்தளம் மெருகிட்ட கல். ஒத்திகையில் ஒரு வீரன் ஓடிவந்தான், நிற்க முயன்றான், வழுக்கி விழுந்தான். அடியொன்றும் இல்லை. கி.பி. 70இல் எருசலேம் கோயில் முற்றத்தில் நிகழ்ந்ததை அப்போது நினைத்துக்கொண்டோம். ஜூலியானஸ் என்னும் உரோம நூற்றுவர் தலைவன், எதிரிகளைத் தனியொருவனாக விரட்டி ஓடினான், வழவழப்பான கல்தளத்தில் செருப்பின் ஆணிகள் வழுக்க, மல்லாந்து வீழ்ந்தான், சூழ்ந்தவர் கொன்றனர். எழுதியவர் ஜோசிபஸ். மலைவழிக்கு நண்பனான ஆணி, பளிங்குத் தளத்தில் பகைவனாயிற்று. ஆணிகளை அகற்றி, அடியில் மெல்லிய ரப்பர் ஒட்டச் செய்தோம். உண்மைக்கு ஊறா? ஊறுதான். ஆகையால் திரை விலகுமுன், ‘வீரரின் செருப்பில் ஆணி இருந்திருக்க வேண்டும், மாணவர் வழுக்காதிருக்க நீக்கியுள்ளோம்’ என்று அறிவித்தோம். பார்க்கப்படும் இடத்தில் உண்மை, பார்க்கப்படாத இடத்தில் பரிவு, இரண்டும் மோதுமிடத்தில் அறிவிப்பு: நாம் கண்ட விதி இதுவே. முதியவர் ஒருவர் நடிப்பதானால் உள்ளே மெத்தை வைக்கட்டும். பாதம் தட்டையானவர் தாங்குதோல் வைக்கட்டும். வைத்ததை மறைத்துவிட்டு, ‘முற்றும் பழமை’ என்று மார்தட்டுவதையே வேண்டா என்கிறோம்.

செலவு? அக்கேள்வி பள்ளி அலுவலறையிலும் எழுந்தது. உரோமப் பேரரசிலும் எழுந்தது. ஓஸ்டியாவிலிருந்தும் புத்தியோலியிலிருந்தும் முறைவைத்துத் தலைநகருக்கு நடந்து வந்த கடற்படையினர், செருப்புக்கென ஒரு படித்தொகை வேண்டினர். 69 முதல் 79 வரை ஆண்ட வெசுபாசியன் விடையின்றி அனுப்பியதோடு நில்லாமல், இனி வெறுங்காலுடன் ஓடுக என்று ஆணையிட்டான். அன்று முதல் அவ்வாறே ஓடுகின்றனர் என்று சூட்டோனியஸ் எழுதினார். கேட்டது தோல், கிடைத்தது தண்டனை! 301இல் தியோக்ளீசியன் வெளியிட்ட விலைவரம்பு ஆணையிலோ வேறொரு வியப்பு. ஆட்சிமன்றத்தாரின் காலணிக்கு உச்சவிலை 100 தினாரியம். கோவேறு கழுதை ஓட்டுவோரும் உழவரும் அணியும் ஆணியில்லா முதல்தரக் காலணிக்கு 120. அமர்ந்து பேசுபவன் காலணியைவிட நடந்து உழைப்பவன் காலணிக்கு மிகுதியான தோலும் உழைப்பும் வேண்டும் என்பதைச் சந்தை அறிந்திருந்தது. ‘ஏழை வேடந்தானே, ஏதோ ஒன்று போதும்’ என்ற நம் மேடைப் பழக்கத்துக்கு அந்த விலைப்பட்டியல் நல்லதொரு மறுப்புரை.

இரண்டாம் முறை சீசர் செந்நிறக் காலணியில் வந்தார். முதற் காட்சியின் தொழிலாளிக்கும் காலணி இருந்தது: ஒரே தோல் துண்டில் வெட்டி, ஓரத்துக் கண்களில் வார் கோத்து இழுத்துக் கட்டும் எளிய வகை, உரோம நாட்டு மக்கள் பலரும் அணிந்தது. எல்லாம் செம்மையாயிற்று என்று நிமிர்ந்தோம். நிமிர்ந்த வேளையில் கல்புர்னியா மேடைக்கு வந்தாள், சென்ற ஆண்டின் அதே ரப்பர்ச் செருப்பில்! போர்ஷியாவுக்கும் அதே. எட்டுப் பேரை அழைத்துச் சென்றோம் என்றோமே, எண்மரும் ஆண்கள். மாணவியர் இருவரின் கால் நம் நினைவுக்கே வரவில்லை. ஓர் அநீதியைத் திருத்திய கையோடு மற்றொன்றைச் செய்திருந்தோம்.

முன்பு சொன்ன விண்டொலாண்டாவின் ஈரமண்ணில், காற்றுப் புகாத அடுக்குகளில், ஐயாயிரத்தை ஒட்டிய காலணிகள் கிடைத்துள்ளன. கோட்டை என்றால் வீரரின் கலிகாவே குவிந்திருக்கும் என்று எண்ணுவோம். மகளிர் காலணிகள் வந்தன. தவழும் குழந்தையின் காலணியும் வந்தது. படைவீரன் மணம்புரியச் சட்டம் இடந்தராத காலம் அது. ஏடுகளில் அப்பெண்களும் குழந்தைகளும் பெரும்பாலும் இல்லை. ஏடு மறைத்ததைச் செருப்பு காட்டிக் கொடுத்தது! அங்குக் கிடைத்த அழகிய பெண்பாற் காலணி ஒன்றில், செய்தவர் பெயர் முத்திரையாகப் பொறிக்கப்பட்டுள்ளது: லூசியஸ் ஈபூசியஸ் தேலஸ். உரோம் நகரிலோ, கையஸ் ஜூலியஸ் ஹீலியஸ் என்னும் செருப்புத் தொழிலாளியின் கல்லறைக் கல் இன்றும் இருக்கின்றது. அவர் உருவத்துக்கு மேலே செருப்பு அச்சுக்கட்டைகளைச் செதுக்கியிருக்கின்றனர். தம் தொழிலை மறைக்கவில்லை அவர். கல்லில் வெட்டிக் காட்டினார். சீசருடைய காலணி எதுவும் நமக்குக் கிட்டவில்லை. தேலஸின் கைவேலை கிட்டியிருக்கின்றது.

வரலாற்றை நடித்துக் காட்ட விரும்பும் இளைஞர் மன்றத்தார்க்கு நாம் சொல்வது இவ்வளவே. முதலில் மன்னனின் காலணியைத் தேடாதீர்கள். உங்கள் நாடகத்தில் தோன்றும் ஒவ்வொருவரின் காலையும் பட்டியலிடுங்கள். மகளிர், குழந்தை, அடிமை, தொழிலாளி ஒருவரும் விடுபடலாகாது. வெறுங்காலுடன் ஒருவர் நிற்க வேண்டுமெனில், சான்று சொல்வதால் நிற்கட்டும். நம் மறதியால் நிற்க வேண்டா. பிறகு, அளவெடுக்கத் தெரிந்த கையை நாடிச் செல்லுங்கள். பதினைந்து நாள் முன்பே செல்லுங்கள்.

நாடகத்தன்று பெரியவரை முன்வரிசையில் அமர வைத்தோம். தலைமையாசிரியர் அறைவரை முன்பும் வந்ததுண்டாம், பழுது பார்த்த காலணியைக் கொடுத்துப் போக. நாற்காலியில் அமர்ந்தது அன்றுதான் என்றார். முதற் காட்சியில் செருப்புத் தொழிலாளி தன் விடைகளால் அதிகாரிகளை மடக்கியபோது அவை சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை, குனிந்து, மேடைமேல் நின்ற அந்தச் சிறுவனின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். காட்சி முடிந்ததும் நம் பக்கம் திரும்பி, “இடதுகால் வார் கொஞ்சம் தளர்ந்திருக்கு தம்பி, அடுத்த காட்சிக்கு முன்னாடி இறுக்கிவிடச் சொல்லுங்க” என்றார். அன்று நாம் கேட்ட திறனாய்வுகளுள் அதுவே சிறந்தது.